மார்ச் 31 முடிய

2024 ஏப்ரல் முதல் வாரம். ஒரு ஜவுளிக் கடையின் கணக்கு அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடையின் விற்பனை அறிக்கைகளுக்கான குவெரிகளை எழுதிக் கொடுத்தவன் நான்தான். கணக்கு பார்ப்பவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். இரண்டு தாள்களை எடுத்து என் முன் வைத்தார். ஒன்று, 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 முடிய என்று ஒரே தடவையில் எடுத்த ஆண்டு அறிக்கை. மற்றது, பன்னிரண்டு மாத அறிக்கைகளின் தொகைகளை அவரே கால்குலேட்டரில் கூட்டி எழுதியது. அதே கடை, அதே வருஷம், அதே பில்கள். தொகை மட்டும் வேறு வேறு.

"தம்பி, மாசா மாசம் எடுத்துக் கூட்டினா குறையுது. வருஷத்துக்கு எடுத்தா கூடுது. இதுல எது நெசம்?"

இரண்டுமே நிஜமில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதுவும் என் திறமையால் இல்லை. மேசையோரம் இருந்த பில் குத்தும் கம்பியால்தான். கம்ப்யூட்டரில் பில் போட்டாலும் நகலைக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. மார்ச் 31-ஆம் தேதிக்கான கம்பியைக் கொண்டுவந்தார். அடியில் இருந்த முதல் பில்லில் காலை 10:05 என்று இருந்தது. உச்சியில் இருந்த கடைசி பில்லில் இரவு 9:12. திரையில் மார்ச் அறிக்கையைக் கடைசி வரிவரை இறக்கிப் பார்த்தேன். 30-ஆம் தேதி இரவோடு முடிந்துவிட்டிருந்தது. 31-ஆம் தேதியின் பில் ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரி அறிக்கையைத் திறந்தால் 29 இல்லை. ஜனவரியில் 31 இல்லை. எல்லா மாதத்திலும் கடைசி நாள் விடுபட்டிருந்தது. அதனால் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டியபோது பன்னிரண்டு நாள் வியாபாரம் காணாமல் போனது. ஆண்டு அறிக்கையில் ஒரே ஒரு கடைசி நாள்தான் உண்டு, அதில் ஒரு நாள் மட்டும் போனது. அவர் கண்ட வித்தியாசம் பதினொரு நாள் வியாபாரம். மனிதர் கையால் கூட்டிப் பார்த்திராவிட்டால் அந்தக் கணக்கு அப்படியே ஆடிட்டருக்குப் போயிருக்கும்.

நான் எழுதியிருந்த நிபந்தனை சாதாரணமானது: பில் போட்ட நேரம் மார்ச் 1-க்கும் மார்ச் 31-க்கும் இடையே இருக்க வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் இதற்கு 'பிட்வீன்' என்ற சொல் உண்டு. அது இரண்டு எல்லைகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 31 உள்ளே வந்திருக்க வேண்டும் அல்லவா? வராததற்குக் காரணம், பில் நேரம் பதிவாகும் பத்தியில், அதாவது அட்டவணையின் அந்த நெடுவரிசையில், இருந்தது வெறும் தேதி இல்லை. தேதியும் மணியும் நிமிடமும் விநாடியும் சேர்ந்த ஒரு கணம். நான் 'மார்ச் 31' என்று மட்டும் எழுதி நேரத்தைச் சொல்லாமல் விட்டதால், தரவுத்தளம் அந்த இடத்தைச் சுழியத்தால் நிரப்பிக்கொண்டது. மார்ச் 31, நள்ளிரவு 00:00:00. அந்தக் கணத்துக்குப் பிறகு போடப்பட்ட எந்த பில்லும் எல்லைக்கு வெளியே. காலை 10:05-க்கு வந்த வாடிக்கையாளர் பத்து மணி நேரம் தாமதம்.

நம் அலுவலகத் தமிழில் இதற்கு ஒரு அருமையான சொல் இருக்கிறது: 'முடிய'. '1.3.2024 முதல் 31.3.2024 முடிய' என்று எழுதினால் 31-ஆம் தேதி முழுவதும், கடை அடைக்கும்வரை என்று எந்த எழுத்தருக்கும் தெரியும். 'வரை' என்று எழுதினால்கூட "உட்படவா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். 'முடிய' என்றால் கேள்வியே இல்லை. நாள் என்பது நமக்கு ஒரு நீளம், அது தொடங்கும், ஓடும், முடியும். தரவுத்தளத்துக்கு நான் கொடுத்ததோ ஒரு புள்ளி. அந்த நாளின் தலைவாசலை மட்டும் காட்டிவிட்டு, வீடு முழுவதையும் காட்டியதாக நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தவறைச் செய்யாத நிரலாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. செய்த பிறகு எல்லோருக்கும் முதலில் தோன்றும் மருந்தும் ஒன்றுதான்: நேரம்தானே தொல்லை, அதை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்து ஒப்பிடலாமே! வெட்டலாம். ஆனால் எதை வெட்டுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

எக்செல் வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கட்டத்தில் 2024 மார்ச் 31 இரவு 9:12 என்று தேதியும் நேரமும் இட்டு, அந்தக் கட்டத்தின் வடிவத்தை 'ஜெனரல்' என்று மாற்றுங்கள். 45382.88333 என்று ஒரு எண் வந்து நிற்கும். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிவந்த நாள் கணக்கு 45382. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அந்த நாளில் எவ்வளவு பங்கு கழிந்தது என்பது. நண்பகல் என்றால் 0.5, மாலை ஆறு மணி என்றால் 0.75. நாம் திரையில் பார்க்கும் நாள், மாதம், வருடம் எல்லாம் அந்த எண்ணுக்கு உடுத்திய உடைதான். உடைக்குள் இருப்பது ஒரு தசம எண்.

தரவுத்தளங்கள் ஒவ்வொன்றும் இதைத் தன் போக்கில் செய்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் உள்ள பழைய 'டேட்டைம்' வகை, ஒரே எண்ணுக்குப் பதிலாக இரண்டு முழு எண்களை வைத்துக்கொள்கிறது. முதலாவது, 1900 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள். இரண்டாவது, நள்ளிரவிலிருந்து எத்தனை துடிப்பு. ஒரு விநாடிக்கு 300 துடிப்பு. நம் 9:12 பில்லை இந்த வகையில் எழுதினால் 45380 என்றும் 2,28,96,000 என்றும் இரண்டு எண்கள். எக்செல் 45382 என்றது, இது 45380 என்கிறதே என்று கேட்பீர்கள். எக்செல் 1-லிருந்து எண்ணத் தொடங்குகிறது, இது 0-விலிருந்து. அது ஒரு நாள் வித்தியாசம். இன்னொரு நாள், 1900-ஐ லீப் ஆண்டு என்று தவறாகக் கொண்ட லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் தெரிந்தே ஏற்றுக்கொண்ட, உலகில் இல்லாத பிப்ரவரி 29.

ஆரக்கிளின் வழி வேறு. அதன் 'டேட்' வகை ஏழு பைட் கொண்டது. நூற்றாண்டு, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்று ஆளுக்கொரு பைட். நூற்றாண்டோடும் ஆண்டோடும் 100 கூட்டி வைக்கும், மணி நிமிட விநாடிகளோடு 1 கூட்டி வைக்கும். ஆக, நம் பில் அங்கே 120, 124, 3, 31, 22, 13, 1 என்று உட்கார்ந்திருக்கும். பெயர் 'டேட்' என்று இருந்தாலும் உள்ளே நேரம் எப்போதும் இருக்கும் என்பதுதான் ஆரக்கிளுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கற்க வேண்டியது. போஸ்ட்கிரஸ், 2000 ஜனவரி 1-லிருந்து எத்தனை மைக்ரோ விநாடி என்று எட்டு பைட்டில் ஒரே எண்ணாக எழுதிவிடுகிறது.

இப்படிப் பார்த்தால் 'நேரத்தை நீக்குவது' என்பதன் பொருள் விளங்கும். 45382.88333 என்ற எண்ணில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கழித்து 45382 ஆக்குவது. அதாவது, கீழ்நோக்கிக் குறைப்பது. இங்கேயே ஒரு குழி இருக்கிறது. பள்ளியில் நாம் பழகியது தசமத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்துவது. 45382.88 என்றால் 45383. அது எந்த நாள்? ஏப்ரல் 1. இரவு 9:12-க்குச் சேலை வாங்கியவரின் பில் அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும். இது வெறும் கற்பனை இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு டேட்டைம் மதிப்பை நேராக முழு எண்ணாக மாற்றினால், நண்பகலுக்குப் பிந்தியவை அடுத்த நாளின் எண்ணைப் பெறும். ஆரக்கிளில் 'ட்ரங்க்' என்றால் நாளின் தொடக்கத்துக்கு வெட்டும். பக்கத்திலேயே இருக்கும் 'ரவுண்ட்' நண்பகலைத் தாண்டியதை மறுநாளுக்குத் தள்ளும். காலையில் சோதித்துப் பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிழை மதியத்துக்கு மேல்தான் தலைகாட்டும்.

வேறொரு வழியும் ஊரெங்கும் புழங்குகிறது. தேதியை எழுத்தாக மாற்றி, முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதை வைத்தே ஒப்பிடுவது. எனக்கு இது பிடிக்காது. எண்ணாக இருந்ததை எழுத்தாக்குவது கூடுதல் வேலை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எழுத்தான பிறகு அதற்குக் காலம் தெரியாது, அகரவரிசை மட்டுமே தெரியும். நாள்-மாதம்-ஆண்டு என்று நாம் எழுதும் முறையில் '02-01-2024' என்பது '01-12-2024' என்பதற்குப் பின்னால் போய் நிற்கும். ஜனவரி டிசம்பருக்குப் பின்னால்! போதாக்குறைக்கு 04/03/2024 என்பது நமக்கு மார்ச் 4, அமெரிக்க அமைப்பில் இருக்கும் சர்வருக்கு ஏப்ரல் 3. எழுத்தாக்கியே தீர வேண்டும் என்றால் ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 ஒழுங்கில் எழுதுங்கள். பெரியது முன்னால், சிறியது பின்னால் இருப்பதால் அதில் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும்.

எஸ்க்யூஎல் சர்வரில் 2008-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்பு, நேரமே இல்லாத வெறும் தேதி என்ற வகையே கிடையாது. அக்கால நிரலாளர்கள் ஒரு உத்தியை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1900 ஜனவரி 1-லிருந்து இந்தக் கணம்வரை எத்தனை நள்ளிரவுகள் கடந்தன என்று எண்ணு. பிறகு அதே 1900 ஜனவரி 1-லிருந்து அத்தனை நாளைக் கூட்டு. கிடைப்பது இன்றைய நள்ளிரவு. போய்த் திரும்பி வரும்போது நேரம் வழியிலேயே உதிர்ந்துவிடும். அழகான வழி. எழுத்தாக்காமல் எண்ணிலேயே முடிகிற வேலை. நாளுக்குப் பதில் மாதம் என்று மாற்றினால் மாதத்தின் முதல் நாள் கிடைக்கும். இப்போது 'டேட்' வகைக்கு மாற்று என்று ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. மைஎஸ்க்யூஎல்லிலும் அப்படியே ஒரு செயற்கூறு இருக்கிறது. போஸ்ட்கிரஸில் 'டேட்-ட்ரங்க்' என்பதற்கு நாள், மாதம், மணி என்று எதுவரை வெட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆக, வெட்டத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பில்லின் நேரத்தையும் வெட்டி, மிஞ்சிய தேதி மார்ச் 31-தானா என்று பார்த்தால் சரியான விடை வரும். அன்று அந்தக் கணக்கு அறையில் நானும் முதலில் அதைத்தான் செய்தேன். விடை சரியாக வந்தது. ஆனால் வருவதற்குள் கணக்கு பார்ப்பவர் டீ குடித்து முடித்துவிட்டார்.

மறுபடியும் பில் கம்பிக்கு வருவோம். கம்பியில் பில்கள் குத்திய வரிசையிலேயே இருக்கின்றன. அடியில் பழையது, மேலே புதியது. பல வருஷத்து பில்களும் ஒரே நீளக் கம்பியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-ஆம் தேதி பில்களை எடு என்றால் அனுபவசாலி என்ன செய்வார்? நடுவில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பார். 2021 என்று இருந்தால் மேலே போவார். இன்னும் இரண்டு மூன்று இடத்தில் பிரித்துப் பார்த்து, 31-இன் முதல் பில்லைப் பிடித்துவிடுவார். அங்கிருந்து ஏப்ரல் 1 வரும்வரை தொடர்ச்சியாக எடுத்தால் முடிந்தது. இப்போது அவரிடம் வேறு மாதிரி சொல்லுங்கள்: "ஒவ்வொரு பில்லிலும் நேரம் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மூடுங்கள். மிச்சம் இருப்பதைப் படியுங்கள். அது 31-ஆ என்று பாருங்கள்." சொன்னபடியே செய்தால் முதல் பில்லிலிருந்து கடைசி பில்வரை ஒன்று விடாமல் மூடிப் பார்க்க வேண்டியதுதான். கம்பியின் வரிசை அப்படியே இருக்கிறது, ஆனால் பயன்படவில்லை.

தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் என்பது அந்தக் கம்பிதான். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பி-மரம் என்ற அமைப்பு. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரெயிட் இருவரும் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஒவ்வொரு கணுவிலிருந்தும் 300 கிளைகள் பிரிகின்றன என்று கொண்டால், மூன்று படி இறங்கினால் 2.7 கோடி பதிவுகளில் ஒன்றைப் பிடித்துவிடலாம். நான்காவது படியில் 810 கோடி. ஏறக்குறைய உலக மக்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பில் போட்டாலும் நான்கே எட்டில் வேண்டியதை எடுத்துவிடலாம். ஆனால் அந்த மரம் அடுக்கப்பட்டிருப்பது பில்லின் முழு நேரத்தை வைத்து. நேரத்தை வெட்டிய பிறகு கிடைக்கும் மதிப்பு மரத்தில் எங்கும் இல்லை. அதை ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாகக் கணக்கிட்டால்தான் உண்டு.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற முன்னோடித் தரவுத்தளத்தில் பணியாற்றிய பாட்ரிசியா செலிங்கரும் அவரது குழுவினரும் 1979-இல் எழுதிய கட்டுரையில், பதிவுகளைத் தேடும்போதே சேமிப்பு அடுக்கிடம் ஒப்படைத்துவிடக்கூடிய நிபந்தனைகளுக்குத் தனிப் பெயர் சூட்டினார்கள்: 'சார்ஜபிள்'. இன்றும் இத்துறையில் அந்தச் சொல் புழங்குகிறது. தேடலுக்கு வசப்படும் நிபந்தனை என்று நான் அதைச் சொல்லிக்கொள்வேன். பத்தியின் மேல் ஒரு செயற்கூறைப் போர்த்தினால் நிபந்தனை வசப்படாமல் போய்விடுகிறது. சில தரவுத்தளங்கள் இதில் கொஞ்சம் கருணை காட்டும். எஸ்க்யூஎல் சர்வர், 'டேட்' வகைக்கு மாற்றுவதை மட்டும் தானே ஒரு எல்லையாகப் புரிந்துகொண்டு இண்டெக்ஸைப் பயன்படுத்திவிடும். அந்தக் கருணையை நம்பி எழுதிப் பழகியவர்கள் வேறு தரவுத்தளத்துக்குப் போகும்போது தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் வழி? பில்லைத் தொடாதே. நம் கையில் இருக்கும் எல்லையைச் சரியாக எழுது. பில்லின் நேரம் மார்ச் 1 நள்ளிரவு அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1 நள்ளிரவுக்கு முன். அவ்வளவுதான். தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. கணிதத்தில் இதைப் பாதி திறந்த இடைவெளி என்பார்கள். எந்த நேரத்தையும் வெட்டவில்லை, இண்டெக்ஸும் கெடவில்லை, 31-இன் கடைசி விநாடியின் கடைசித் துளிவரை உள்ளே வருகிறது.

இதை ஏற்காமல் '31 இரவு 23:59:59 வரை' என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 23:59:59-க்கும் நள்ளிரவுக்கும் நடுவே ஒரு முழு விநாடி கிடக்கிறது. ஒரு ஜவுளிக் கடையில் அந்த விநாடியில் பில் விழாது. பணப் பரிமாற்றங்கள் இரவு பகல் பாராமல் ஓடும் இடத்தில் விழும். சரி, .999 சேர்த்துவிடலாம் என்றால் அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைமுக்கு விநாடியில் 300 துடிப்புதான் என்று முன்பே பார்த்தோம். அதன் மில்லி விநாடிகள் 0, 3, 7 என்ற இலக்கங்களில்தான் முடியும். 23:59:59.999 என்று எழுதினால் அது அருகிலுள்ள துடிப்புக்கு நகர்ந்து, ஏப்ரல் 1 நள்ளிரவு ஆகிவிடும். தடுக்க நினைத்த நாளின் முதல் கணம் உள்ளே வந்துவிடும். .997 என்று எழுதினால் அந்த வகைக்குச் சரி. நாளை யாராவது அந்தப் பத்தியை இன்னும் நுண்ணிய 'டேட்டைம்2' வகைக்கு மாற்றினால் மறுபடி ஓட்டை. 'ஏப்ரல் 1-க்கு முன்' என்று எழுதியவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. துடிப்பு எவ்வளவு நுண்ணியதானாலும் அந்த வாக்கியம் மாறாது.

டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் கையால் எழுதிச் சுற்றுக்கு விட்ட ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. எண்ணுவதை ஏன் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் பொருள். அதில் அவர் எல்லைகளை எழுதும் நான்கு முறைகளையும் எடுத்துவைத்து, தொடக்கத்தைச் சேர்த்து முடிவைச் சேர்க்காத முறையே நல்லது என்கிறார். அவர் காட்டும் காரணம் நம் கணக்கு அறைக்கும் பொருந்தும். அந்த முறையில் ஏப்ரல் 1-லிருந்து மார்ச் 1-ஐக் கழித்தால் சரியாக 31 நாள் கிடைக்கிறது. மார்ச்சின் முடிவும் ஏப்ரலின் தொடக்கமும் ஒரே புள்ளி, ஆகவே பக்கத்துப் பக்கத்து மாதங்கள் ஒன்றையொன்று மிதிப்பதும் இல்லை, நடுவில் சந்து விடுவதும் இல்லை. பன்னிரண்டு மாதத்தைக் கூட்டினால் ஆண்டுத் தொகை வந்தே தீரும். கணக்கர் கேட்டதும் அதைத்தான்.

இதோடு முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நினைப்பைக் கலைத்தது நள்ளிரவு.

இன்று பெரும்பாலான சர்வர்கள் யூடிசி என்ற உலக நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நம் நாள் நள்ளிரவில் பிறக்கும்போது சர்வரின் கடிகாரத்தில் முந்தைய நாள் மாலை 18:30. யூடிசியில் எழுதிய நேரத்தை அப்படியே வெட்டித் தேதி எடுத்தால், நமக்கு நள்ளிரவு முதல் காலை 5:30-க்குள் நடந்தவை எல்லாம் முந்தைய நாளுக்குப் போய்ச் சேரும். காலை பத்து மணிக்குத் திறக்கும் ஜவுளிக் கடைக்கு இது வாழ்நாள் முழுவதும் தெரியாமலே போகலாம். கோயம்பேடு காய்கறிச் சந்தையை நினைத்துப் பாருங்கள். லாரிகள் வந்து இறங்குவதும் மூட்டைகள் கைமாறுவதும் விடிவதற்கு முன்னால்தான். ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்கு விற்ற தக்காளி, யூடிசியில் மார்ச் 31 இரவு 9:30. வெட்டினால் போன நிதியாண்டின் தக்காளி. ஐந்தரை என்பதில் உள்ள அந்த அரை மணியும் சும்மா இருப்பதில்லை. மணிவாரியாக வெட்டினால் நம் ஊர் அறிக்கையில் 9:30 முதல் 10:30 என்று கோணலான கட்டங்கள் விழும்.

பிறந்த தேதி இதில் படும் பாடு தனி. ஒருவரின் பிறந்த நாள் ஜூன் 15 என்றால், அதற்கு நேரம் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. அதை ஒரு கணமாக, ஜூன் 15 இந்திய நள்ளிரவு என்று சேமித்தால், யூடிசியில் அது ஜூன் 14 மாலை 6:30. ஜாவாஸ்கிரிப்டில் இதை ஐஎஸ்ஓ எழுத்தாக்கி முதல் பத்து எழுத்தை வெட்டினால் ஜூன் 14 கையில் வரும். படிவத்தில் சரியாக நிரப்பியவர், அச்சாகி வந்த அட்டையில் ஒரு நாள் மூத்தவராகியிருப்பார். இதைத் திருத்த ஒரு குடும்பம் எத்தனை கவுன்டர் ஏறி இறங்க வேண்டும் என்பதை நினைத்தால், சரியான வகையைத் தேர்ந்தெடுக்க நிரலாளர் செலவிடும் ஐந்து நிமிடம் பெரிதில்லை. நேரமே இல்லாத ஒன்றை நேரமில்லாத 'டேட்' வகையில் மட்டுமே வைக்க வேண்டும். பிற்பாடு வெட்ட வேண்டிய தேவையே அங்கே எழக் கூடாது.

நள்ளிரவு என்பது எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. பிரேசிலில் 2019-இல் கோடைகால நேரமாற்றத்தைக் கைவிடும்வரை, ஆண்டுதோறும் அது தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் கடிகாரம் 00:00-லிருந்து நேராக 01:00-க்குத் தாவும். அந்த நாளுக்கு 00:00 என்ற கணமே இல்லை. நேரத்தை வெட்டி 00:00 வைத்த நிரல்கள் உலகில் இல்லாத ஒரு நேரத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தன. சமோவா நாடு தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது 2011 டிசம்பர் 30 என்ற நாள் முழுவதையும் விட்டுவிட்டது. நம் ஊரிலும் பழைய தடம் ஒன்று உண்டு. 1906 ஜனவரி 1-இல் இந்தியப் பொது நேரம் நடப்புக்கு வருமுன், ரயில்வே மெட்ராஸ் நேரத்தில் ஓடியது. அது கிரீன்விச்சுக்குச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டல அட்டவணையில் கொல்கத்தா என்ற பெயருக்குக் கீழ் அந்த மெட்ராஸ் நேரம் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. 1900-ஆம் ஆண்டின் ஒரு தேதியை வைத்துச் சோதித்தால் ஐந்தரைக்குப் பதில் அந்த 5:21 எழுந்து வந்து நிற்கும்.

நள்ளிரவில்தான் நாளை வெட்ட வேண்டும் என்று விதித்தது யார்? நம் பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. பின்னிரவு மூன்று மணிக்குப் பிறந்த குழந்தையைப் பாட்டி "திங்கக்கிழமை ராத்திரி, விடிஞ்சா செவ்வா" என்பாள். இரண்டு கணக்கையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்ட பேச்சு அது. 00:10-க்குப் புறப்படும் ரயிலுக்கு ஒரு நாள் தள்ளி ஸ்டேஷனுக்கு வந்து நிற்பவர்களுக்கும் மனத்தில் இருப்பது அந்த விடிந்தால் மாறும் நாள்தான். வானியலாளர்கள் ஜூலியன் நாளை நண்பகலில் தொடங்குகிறார்கள், ஓர் இரவு முழுக்க எடுத்த பார்வைக் குறிப்புகள் இரண்டு தேதியில் சிதறாமல் இருப்பதற்காக. தங்கும் ஓட்டல்களில் 'நைட் ஆடிட்' முடித்தால்தான் கணக்கின் தேதி மாறும். நள்ளிரவு ஒன்றரைக்கு அறைக்குப் போன சாப்பாடு முந்தைய நாளின் கணக்கில்தான் ஏறும்.

தேதி என்பது பார்ப்பவரைப் பொறுத்து மாறும் என்பதைப் போஸ்ட்கிரஸ் நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. நேர மண்டலம் அறிந்த வகைப் பத்தியைத் தேதியாக வெட்டி, அந்த வெட்டிய மதிப்பின் மேல் ஒரு இண்டெக்ஸ் போட முயன்றால் அது மறுத்துவிடும். ஒரே கணம், கேட்பவர் எந்த நேர மண்டலத்தில் அமர்ந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்து வேறு வேறு தேதியாகும், மாறக்கூடியதை வைத்து நிரந்தரமான வரிசை கட்ட முடியாது என்பது அதன் நியாயம். முதல் தடவை அந்த மறுப்பைப் பார்த்தபோது எரிச்சல் வந்தது. இப்போது மரியாதை. எந்த ஊரின் தேதி என்று நாம் எழுதிக் கொடுத்துவிட்டால், அது இணங்கிவிடுகிறது.

அந்த ஜவுளிக் கடைக்கு இரண்டு திருத்தம் செய்தேன். அறிக்கைகள் எல்லாவற்றிலும் எல்லையைப் பாதி திறந்ததாக மாற்றினேன். அதோடு, பில் போடும் அந்தக் கணத்திலேயே 'வியாபார நாள்' என்று ஒரு தனிப் பத்தியில் வெறும் தேதியை எழுத வைத்தேன். நாள்வாரித் தொகைகள் அதிலிருந்து வரும். எந்த நாளின் கணக்கு என்பதைப் பிற்பாடு ஏதோ ஒரு குவெரி ஊகிக்க வேண்டாம், கடையே சொல்லட்டும். தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் பன்னிரண்டு மணி தாண்டியும் பில் ஓடும் என்று கணக்கர் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு தேவை என்று எனக்கே உறைத்தது.

மாற்றிய அறிக்கையை அச்சடித்துக் கொடுத்தேன். தலைப்பில் குவெரியின் எல்லை அப்படியே அச்சாகியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தம்பி, நாம கேட்டது மார்ச்சு. இதுல ஏப்ரல் ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"ஏப்ரல் ஒண்ணுக்கு முன்னாலன்னு போட்டிருக்கு அண்ணே."

சற்று யோசித்தார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே '31.3.2024 முடிய' என்று எழுதினார். பிறகு கம்பியிலிருந்து 9:12 பில்லை உருவி, அறிக்கையின் கடைசி வரியோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்தார்.